சலவைக்கல்லுக்குள் ஒரு பூ: பர்ச்சின்காரி என்னும் கல்பதிப்பு வேலை

தாஜ்மகாலில் சிவப்பும் பச்சையுமாக ஓடும் பூங்கொடியை முதன்முதலில் பார்க்கிற பலரும் அதை வண்ணம் தீட்டிய வேலை என்றே நினைக்கிறார்கள். உண்மையில் அந்தக் கொடியில் ஒரு சொட்டு வண்ணம்கூட இல்லை. இதழ் ஒரு கல், இலை வேறொரு கல், காம்பு இன்னொரு கல். ஒவ்வொன்றையும் அதற்குரிய வடிவத்தில் அறுத்து, அதே வடிவத்தில் வெள்ளைச் சலவைக்கல்லில் குழி வெட்டி, அதனுள் இறக்கி ஒட்டி, மேற்பரப்பு ஒரே மட்டமாகும்வரை தேய்த்திருக்கிறார்கள். வேலை நன்றாக அமைந்திருந்தால் பூ எங்கே முடிகிறது, வெள்ளைக்கல் எங்கே தொடங்குகிறது என்பது விரலுக்குத் தெரியாது. கண்ணுக்கு மட்டுமே தெரியும்.

இந்த வேலைக்கு முகலாயர் காலத்துப் பாரசீகப் பெயர் பர்ச்சின்காரி. ஆக்ராவின் பட்டறைகளில் அது பச்சிகாரி என்று மருவி வழங்குகிறது. இத்தாலியர் தங்கள் ஊர் வேலையைப் பியேத்ரா தூரா என்பார்கள். 'கடினமான கல்' என்று பொருள். தமிழில் இதற்கு அழகான ஒரு பழஞ்சொல் உண்டு: குயிற்றுதல். மணியைப் பொன்னிலோ மரத்திலோ பதித்து இழைப்பதை அந்தச் சொல் குறிக்கும். தஞ்சாவூர் ஓவியத்தில் கற்களைப் பலகையின் மேலே ஒட்டுகிறோம், அவை புடைத்து நிற்கும். பர்ச்சின்காரியில் கல் மேலே நிற்காது, உள்ளே போய்விடும். முதலில் மனத்தில் இருத்த வேண்டிய வேறுபாடு இதுதான். இது ஒட்டுவேலையைவிடக் குழிவேலை.

கடினம் என்னும் கணக்கு

கனிமங்களின் கடினத்தை மோஸ் அளவுகோலில் 1 முதல் 10 வரை குறிப்பார்கள். எண் கூடிய பொருள், எண் குறைந்த பொருளைக் கீறும். நம் நகம் சுமார் 2.5. சலவைக்கல் 3. எஃகுக் கத்தி ஏறக்குறைய 5.5. சூதுபவளம் (கார்னீலியன் என்னும் சிவப்புக் கல்), அகேட், ஜாஸ்பர் போன்ற குவார்ட்ஸ் இனக் கற்கள் 6.5 முதல் 7 வரை. குருந்தம் 9. வைரம் 10. இந்த எண்களைப் பிடித்துக்கொண்டால் பர்ச்சின்காரியின் பாதி புரிந்துவிடும். எந்தக் கருவி, எந்த வரிசை, எங்கே கெடும் என்பதெல்லாம் இவற்றிலிருந்தே வருகிறது.

சலவைக்கல்லை எஃகு உளி வெட்டும். சூதுபவளத்தை வெட்டாது, அடித்தால் அது சிதறுமே தவிர வடிவத்துக்கு வராது. அதைவிடக் கடினமான தூளைக் கொண்டு தேய்த்துத்தான் அதற்கு வடிவம் கொடுக்க முடியும். ஆகவே ஒரே பூவுக்குள் இரண்டு தொழில்கள் சந்திக்கின்றன. ஒன்று உளிவேலை, மற்றொன்று சாணைவேலை. பட்டறைகளில் பெரும்பாலும் இவற்றை வெவ்வேறு ஆட்களே செய்கிறார்கள். ஒருவர் தேய்த்த கல்லும் மற்றவர் வெட்டிய குழியும் ஒரே கோட்டில் வந்து பொருந்த வேண்டும். அந்தக் கோட்டின் அகலம்தான் வேலையின் தரம்.

தேய்க்கும் தூளைப் பற்றி ஒரு செய்தி. மேலைமொழிகள் அந்தக் கனிமத்துக்கு வழங்கும் 'கொரண்டம்' என்ற பெயர், நம் 'குருந்தம்' என்ற தமிழ்ச்சொல்லிலிருந்து போனதுதான். மாணிக்கமும் நீலக்கல்லும் குருந்தத்தின் தெளிந்த வடிவங்கள். தெளிவில்லாத, மங்கிய குருந்தத்தை இடித்துச் சலித்து, உருக்கிய அரக்கோடு பிசைந்து வட்டமாக வார்த்தால் கிடைப்பது பழைய பாணிச் சாணைச் சக்கரம். இந்தியில் அதைச் 'சான்' என்கிறார்கள். நம் சாணையும் அதுவும் ஒரே வேர்ச்சொல்.

எந்தக் கல்லை எதற்கு

தளக்கல்லாக முகலாயர்கள் நம்பியது ராஜஸ்தானின் மக்ரானா சலவைக்கல். அது ஏறக்குறைய முழுவதும் கால்சைட் என்னும் கனிமத்தால் ஆனது. அதன் மணிகள் ஒன்றோடொன்று இறுகக் கோத்திருக்கும். குழியின் விளிம்பு கூர்மையாக நிற்பதற்கு இந்த இறுக்கம்தான் காரணம். சர்க்கரைக்கட்டி போல் மணிமணியாக இருக்கும் சலவைக்கல்லில் எவ்வளவு கவனமாக உளியை வைத்தாலும் விளிம்பிலிருந்து ஒரு மணி உதிரும். அந்த இடத்தில் கல்லுக்கும் குழிக்கும் நடுவே வெள்ளைப் பசை தெரியும். பலகையைத் தேர்ந்தெடுக்கும்போது சுத்தியலால் மெல்லத் தட்டிப் பார்ப்பார்கள். மணி போல ஒலித்தால் நல்லது. மொட்டென்று ஒலித்தால் உள்ளே விரிசல் இருக்கிறது.

பதிக்கும் கற்களில் சிவப்புக்குச் சூதுபவளம். குஜராத்தின் ரத்தன்பூர் பகுதியில் தோண்டி, கம்பாத் நகரில் பக்குவம் செய்கிறார்கள். தோண்டும்போது பெரும்பாலும் அது பழுப்பாகவோ சாம்பலாகவோதான் இருக்கும். வெயிலில் காயவைத்து, மண்பானையில் இட்டு, மெதுவாகச் சூடேற்றினால் கல்லுக்குள் இருக்கும் இரும்புச் சேர்மம் மாறிச் சிவப்பு வெளிப்படும். சூட்டை அவசரமாக ஏற்றினால் கல் வெடிக்கும். பச்சைக்கு ஜேடும் பச்சை ஜாஸ்பரும். ஆழ்ந்த நீலத்துக்கு லாபிஸ் லாசுலி. அது ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் மலைகளிலிருந்து வந்தது. இளநீலத்துக்கு ஃபிரோசா என்னும் டர்க்காய்ஸ். கருப்புக்குக் கருப்புச் சலவைக்கல். இன்றைய ஆக்ரா மேசைப் பலகைகளில் கரும்பச்சை வரிகளோடு மின்னும் மாலகைட்டும், வானவில் போல் ஒளிரும் சிப்பி ஓடும் நிறையத் தெரியும். சுற்றுலாச் சந்தை அவற்றை விரும்பிக் கேட்கிறது.

எல்லாக் கல்லும் ஒரே கடினம் அல்ல. லாபிஸ் 5 முதல் 5.5 வரை, டர்க்காய்ஸ் 5 முதல் 6 வரை, மாலகைட் 3.5 முதல் 4 வரைதான். சூதுபவளத்தையும் மாலகைட்டையும் அடுத்தடுத்து வைத்துத் தேய்த்தால் மாலகைட் முதலில் தேய்ந்து பள்ளமாகும். கற்களைத் தேர்வது நிறத்தின் வேலை மட்டுமல்ல என்று சொல்வது இதனால்தான்.

நிழல் எங்கிருந்து வருகிறது

இந்தக் கலையில் நிதானமாக நின்று பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. நல்ல பர்ச்சின்காரிப் பூவின் இதழ், அடியில் கருஞ்சிவப்பாகவும் நுனியில் வெளிர் ஆரஞ்சாகவும் இருக்கும். ஓவியர் தூரிகையால் கொண்டுவரும் அந்த நிறமாற்றத்தைக் கல்லில் எப்படிக் கொண்டுவருவது?

கல்லே கொண்டுவருகிறது. சூதுபவளத்தை மெல்லிய தகடாக அறுத்தால் தகடு முழுவதும் ஒரே நிறமாக இருப்பதில்லை. ஓரிடத்தில் அடர்ந்து, ஓரிடத்தில் மங்கி, சில இடங்களில் பால்வெள்ளைக் கோடு ஓடும். கைதேர்ந்தவர் இதழின் அச்சை அந்தத் தகட்டின் மேல் திருப்பித் திருப்பி வைத்துப் பார்ப்பார். அடர்ந்த பகுதி இதழின் அடியிலும் மங்கிய பகுதி நுனியிலும் வரும்படி ஓரிடம் கிடைக்கும்வரை தேடுவார். கிடைத்த இடத்தில் கோடு கீறி, சுற்றியுள்ள கல்லைத் துணிந்து விட்டுவிடுவார். ஒரு சிறு இதழுக்காக உள்ளங்கை அகலத் தகடு வீணாவது உண்டு. இலைக்கும் அப்படியே: ஜாஸ்பரில் இயற்கையாக ஓடும் கோடு இலையின் நடுநரம்பாக அமையும்படி அறுப்பார்கள். பார்ப்பவர் அதைத் தனியாகப் பதித்த நரம்பு என்று எண்ணுவார்.

அதுவும் போதாத இடத்தில் ஒரே இதழைப் பல துண்டுகளாகப் பிரிப்பார்கள். கருஞ்சிவப்பு, சிவப்பு, இளஞ்சிவப்பு என்று மூன்று கற்கள் ஒன்றையொன்று தழுவி ஒரே இதழாகும். தாஜ்மகாலின் நடுக்கூடத்தில் மும்தாஜ் மகால், ஷாஜகான் இருவரின் அடையாளக் கல்லறைகளிலும், அவற்றைச் சுற்றி நிற்கும் எண்கோணச் சலவைக்கல் தடுப்பிலும் இருக்கும் பூக்கள் இந்த வகை. கட்டடத்திலேயே மிக நுணுக்கமான வேலை அங்கேதான் இருக்கிறது. வெளிச்சுவரில் தூரத்திலிருந்து பார்ப்பதற்கான பெரிய கொடிகள். கல்லறையருகே ஒரு முழம் தள்ளி நின்று பார்ப்பதற்கான சிறு பூக்கள். பார்க்கும் தூரத்துக்கு ஏற்ப வேலையின் நுணுக்கம் கூடுகிறது.

வேலை நடக்கும் வரிசை

கீழே சொல்லும் அளவுகள் இன்றைய ஆக்ராப் பட்டறைகளின் மேசைப் பலகை, தட்டு போன்ற வேலைகளுக்கு ஏறக்குறையப் பொருந்துபவை.

முதலில் தாளில் முழு அளவு வரைபடம். ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண். படத்தைக் கல்லுக்கு மாற்றும்முன் வெள்ளைச் சலவைக்கல்லின் மேல் காவி போன்ற செந்நிறக் கலவையை மெல்லப் பூசுவார்கள். வெள்ளையில் வெள்ளைக் கீறல் தெரியாது, காவியின் மேல் ஊசிமுனையால் கீறினால் கோடு பளிச்சென்று தெரியும். வேலை முடிந்ததும் கழுவினால் நிறம் போய்விடும். அதற்காகத்தான் கலவையை அழுத்தித் தேய்க்காமல் பூசுகிறார்கள். சலவைக்கல் சிறிதளவு உறிஞ்சும் தன்மை உடையது, சாயம் உள்ளே இறங்கினால் கறை நிற்கும்.

அடுத்து கல்லைத் தகடாக அறுப்பது. பழைய முறையில் வில் போல வளைந்த கழியில் கம்பி கட்டி, குருந்தத்தூளும் நீரும் விட்டு இழுப்பார்கள். கம்பி அறுப்பதில்லை, கம்பி இழுத்துச் செல்லும் தூள்தான் அறுக்கிறது. இன்று வைரத்தூள் பதித்த வட்ட வாள் அந்த வேலையைச் செய்கிறது. தகட்டின் கனம் 1.5 முதல் 2.5 மில்லிமீட்டர். மெல்லிய தகட்டுக்கு ஒரு நன்மை, குழி ஆழமாக வேண்டாம். ஒரு கேடு, சாணையில் பிடிக்கும்போது உடையும்.

தகட்டில் வடிவத்தைக் கீறி, குறடால் சுற்றிலும் சிறிது சிறிதாகக் கடித்து, பிறகு சாணையில் விளிம்பைத் தேய்ப்பார்கள். வலக்கையால் வில்லை இழுத்துச் சக்கரத்தைச் சுழற்றி, இடக்கை விரல்நுனியில் அரிசியளவு கல்லைப் பிடிக்கிற முறை இன்றும் உண்டு. மின்சார மோட்டாரும் வந்துவிட்டது. வெளிவளைவு எளிது. உள்வளைவுதான் ஆளைச் சோதிக்கும், ஏனென்றால் சக்கரத்தின் முகம் அங்கே போகாது, கூர்விளிம்பை மட்டும் பயன்படுத்த வேண்டும். நீர் விடாமல் தேய்த்தால் கல் சூடேறி நுனி பெயரும். ஒரு மில்லிமீட்டர் அகலக் காம்பை நீளமாக ஒரே துண்டாகச் செய்ய முயல்வது புதியவர்கள் செய்யும் தவறு. அது பதிக்கும்போதே ஒடியும். தேர்ந்தவர்கள் அதைப் பல துண்டுகளாக்கி, மூட்டு விழும் இடத்தில் ஓர் இலையையோ மொட்டையோ வைத்து மறைப்பார்கள். கொடியின் அழகுக்காக வைத்ததாகத் தோன்றும் பல இலைகள் உண்மையில் மூட்டை மறைக்க வந்தவை.

துண்டுகள் தயாரானதும் அவற்றைச் சலவைக்கல்லின் மேல் அவற்றின் இடத்தில் அடுக்கி, நகராமல் லேசாக ஒட்டி, ஒவ்வொன்றின் ஓரத்தையும் சுற்றி ஊசிமுனையால் கோடிழுப்பார்கள். இந்தப் படியை அழுத்திச் சொல்ல வேண்டும். குழியை வெட்டுவது வரைபடத்தின் கோட்டில் அல்ல, செய்து முடித்த கல்லின் கோட்டில். சாணையில் தேய்த்த கல் படத்திலிருந்து தலைமயிர் அளவாவது விலகியே இருக்கும். படத்தைப் பார்த்து வெட்டினால் அந்த விலகல் இடைவெளியாக வெளிப்படும். கடினமான கல்லைத் திருத்துவது கடினம், மென்மையான கல்லைத் திருத்துவது எளிது; ஆகவே கடினமானது முந்தி, மென்மையானது அதற்கு ஏற்ப. மறுபடியும் அதே 3-க்கும் 7-க்கும் உள்ள கணக்கு.

குழி வெட்டுவதற்குப் பென்சில் கனத்திலான சிறு உளிகள். முனை கடினப்படுத்திய எஃகு அல்லது டங்ஸ்டன் கார்பைடு. முதலில் கோட்டுக்குச் சற்று உள்ளே தள்ளி நடுப்பகுதியை எடுத்துவிட்டு, கடைசியாக ஓரத்துக்கு வருவார்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் அடியின் விசை வெளிப்பக்கம் பாய்ந்து விளிம்பு பெயரும். ஆழம் கல்லின் கனத்தைவிடச் சற்றே குறைவாக இருக்க வேண்டும்: 2 மில்லிமீட்டர் கல்லுக்கு 1.75 மில்லிமீட்டர் குழி என்பதுபோல. கல் இம்மியளவு மேலே நின்றால் தேய்த்து மட்டமாக்கலாம். குழி ஆழமாகிக் கல் தாழ்ந்துவிட்டால், அதை மட்டமாக்கப் பலகை முழுவதையும் தேய்த்துத் தாழ்த்த வேண்டும். அல்லது கல்லை எடுத்துவிட்டு அடியில் பசையைக் கூட்ட வேண்டும், அந்தப் பசை பிற்பாடு சுருங்கும். குழியின் அடி சமமாக இல்லாவிட்டால் தேய்க்கும்போது கல் ஆடிப் பிளக்கும். இரண்டு குழிகள் மிக அருகில் வந்தால் நடுவே நிற்கும் மெல்லிய சலவைக்கல் வரப்பு இடிந்துவிடும். அதனால் அடுத்தடுத்த இதழ்களுக்கு இரண்டு குழி வேண்டாம், ஒரே பெரிய குழி போதும்.

ஒட்டுவதற்குப் பழைய பசைகள் சுண்ணாம்பை அடிப்படையாகக் கொண்டவை. நன்றாக ஊறி அரைபட்ட சுண்ணாம்பில் சலவைக்கல் தூளும், இனிப்புப் பொருளும், பிசினும் சேரும்; சேர்மானம் குடும்பத்துக்குக் குடும்பம் மாறும், பலர் வெளியில் சொல்வதில்லை. சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை மெல்ல மெல்ல வாங்கி இறுகும்போது அது மறுபடி கால்சியம் கார்பனேட் ஆகிறது. அதாவது சலவைக்கல் எந்தப் பொருளோ அதே பொருள். சூட்டுக்கும் ஈரத்துக்கும் பசையும் தளக்கல்லும் ஏறக்குறைய ஒரே மாதிரி நடந்துகொள்ளும். இன்றைய பட்டறைகளில் எப்பாக்ஸி என்னும் செயற்கைப் பிசின் பரவலாகிவிட்டது. வேகமாக இறுகும், பிடிப்பும் அதிகம். ஆனால் வெயில் படும் இடத்தில் ஆண்டுகள் போகப் போக அது மஞ்சளாகும். வெள்ளைக்கல்லில் அந்த மஞ்சள் கோடு உடனே கண்ணை உறுத்தும். வீட்டுக்குள் வைக்கும் மேசைக்கு எப்பாக்ஸி போதும். பழைய கட்டடத்துக்கு அது ஏற்றதல்ல என்பது எங்கள் உறுதியான கருத்து.

கடைசியில் மெருகு. தட்டையான கட்டையில் பரல் பெரிய குருந்தத்தில் தொடங்கி, படிப்படியாகப் பொடியான தூளுக்கு வந்து, முடிவில் வெள்ளீய ஆக்சைடு போன்ற மாவுத்தூளால் பளபளப்பு ஏற்றுவார்கள். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவே பலகையையும் கையையும் கட்டையையும் கழுவ வேண்டும். முந்தைய தூளில் ஒரே ஒரு பரல் தங்கினாலும் மெருகின் நடுவே நீளமாக ஒரு கீறல் விழும். கட்டை தட்டையாக இருப்பது அதைவிட முக்கியம். மென்மையான துணியாலோ பஞ்சாலோ ஆரம்பத்திலேயே தேய்த்தால், துணி வளைந்துகொடுத்து மென்மையான சலவைக்கல்லை அதிகம் தின்னும். சூதுபவளம் குமிழ் போல் மேலே எழுந்துவிடும். சந்தையில் விலை மலிந்த தட்டுகளைத் தடவிப் பார்த்தால் இந்த மேடு விரலில் தட்டும்.

இரண்டு கல்லறைகள்

கல்லுக்குள் கல் பதிக்கும் வழக்கம் முகலாயர்களோடு தொடங்கவில்லை. டெல்லி குதுப் வளாகத்தில் 1311-இல் எழுந்த அலாய் தர்வாசாவில் சிவப்பு மணற்கல்லும் வெள்ளைச் சலவைக்கல்லும் சேர்ந்து கோலமிடுகின்றன. சிக்கந்தராவில் அக்பர் கல்லறையின் பெரிய வாயில் (1613) முழுக்கப் பல நிறக் கல்பதிப்பால் ஆனது. ஆனால் அங்கெல்லாம் துண்டுகள் பெரியவை, கோலங்கள் பெரும்பாலும் கோணவடிவானவை.

மாற்றத்தைக் கண்ணால் காண ஆக்ராவில் யமுனையின் கிழக்குக் கரைக்குப் போக வேண்டும். நூர்ஜகான் தன் தந்தை மிர்சா கியாஸ் பேக்குக்காக 1622 முதல் 1628 வரை கட்டிய இதிமாத்-உத்-தௌலா கல்லறை அங்கே இருக்கிறது. தாஜ்மகாலோடு ஒப்பிட்டால் சிறியது. ஆனால் வெளிச்சுவர் முழுவதும் இடைவெளியே விடாமல் பதித்திருக்கிறார்கள்: நட்சத்திரக் கோலங்கள், சைப்ரஸ் மரங்கள், மதுக்குடுவைகள், கிண்ணங்கள், பழங்கள். மஞ்சள், பழுப்பு, சாம்பல் நிறங்களே மிகுதி. கல்பதிப்பைக் கற்க விரும்புகிறவர்கள் தாஜ்மகாலுக்கு முன் இதைப் பார்ப்பது நல்லது. கூட்டம் குறைவு, சுவர் கண் மட்டத்தில் இருக்கிறது, குழியும் கல்லும் சேரும் கோட்டை நெருங்கி நின்று படிக்கலாம்.

1632-இல் தொடங்கிய தாஜ்மகாலில் அணுகுமுறை மாறிவிட்டது. அங்கே வெள்ளைதான் பேசுகிறது; பதிப்பு சட்டங்களிலும் வளைவு மூலைகளிலும் எழுத்துகளிலும் அடக்கமாக நிற்கிறது. நுழைவு வளைவுகளைச் சுற்றியுள்ள குர்ஆன் வாசகங்களை வடிவமைத்தவர் ஷிராஸிலிருந்து வந்த அமானத் கான். கட்டடத்திலேயே தன் பெயரைப் பொறித்திருக்கிறார். கருப்புச் சலவைக்கல் எழுத்துகள் மேலே போகப் போகப் பெரிதாகின்றன. கீழே நின்று பார்ப்பவருக்கு எல்லாம் ஒரே அளவாகத் தோன்றவேண்டும் என்பதற்காக. கருப்பும் வெள்ளையும் இரண்டுமே சலவைக்கல் என்பதால் கடினம் ஒன்றே, சேர்ந்து தேயும், மட்டம் கெடாது.

இங்கே பலர் குழம்பும் ஓர் இடம். உட்சுவரின் கீழ்ப்பகுதியில் வரிசையாக நிற்கும் வெள்ளைப் பூச்செடிகள் பதிப்பு அல்ல. அவை சலவைக்கல்லிலேயே புடைப்பாகச் செதுக்கியவை. அவற்றைச் சுற்றி ஓடும் வண்ணக்கரை மட்டும்தான் பதிப்பு.

இத்தாலியிலிருந்து வந்ததா?

ஃபுளோரன்ஸ் நகரில் மெடிசி பிரபுக்கள் 1588-இல் கடினக்கல் வேலைக்கென்றே பட்டறை அமைத்தார்கள். அந்த ஊர்ப் பலகைகள் முகலாய அரசவைக்கு வந்ததும் உண்மை. டெல்லி செங்கோட்டையின் பொதுமண்டபத்தில் ஷாஜகானின் அரியணை மாடத்துக்குப் பின்சுவரில் கருப்புக்கல்லில் பதித்த பறவைகளும், இசைக்கருவி வாசிக்கும் கிரேக்கப் புராணப் பாடகன் ஓர்ஃபியஸின் உருவமும் இத்தாலிய வேலைகள். ஆனால் செய்முறையைப் பார்த்தால் இரண்டும் வேறு. ஃபுளோரன்ஸில் பின்னணி உட்பட எல்லாமே துண்டுகள்; புதிர்ப்படம் போல ஒன்றோடொன்று கோத்து, பின்னால் ஒரு பலகையில் ஒட்டுவார்கள். குழி என்பதே பெரும்பாலும் இல்லை. ஆக்ராவில் முழுப் பலகை ஒன்று இருக்கிறது, அதில் குழி வெட்டுகிறார்கள். இந்தியச் சிற்பிகளுக்குக் கல்லில் கல் பதிக்கப் பிறர் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. கடினமான மணிக்கற்களை இவ்வளவு மெல்லிய இதழாக்கலாம் என்ற துணிவுக்கு இத்தாலியப் பலகைகள் தூண்டுதலாக இருந்திருக்கலாம் என்று சொல்வதே நியாயம்.

எது கெடுக்கிறது

அமிலம் முதல் எதிரி. எலுமிச்சைச் சாறோ வினிகரோ பட்டால் சலவைக்கல் கரையும். சூதுபவளத்துக்கு ஒன்றும் ஆகாது. விளைவு என்னவென்றால் தளம் இறங்கி, பூ மட்டும் மேலே நிற்கும். லாபிஸிலும் கால்சைட் கலந்திருக்கும், மாலகைட்டோ முழுக்கச் செம்புக் கார்பனேட். இரண்டும் அமிலத்தில் மங்கும். பதிப்பு மேசை வாங்கியவர்கள் அதன்மேல் ஊறுகாய்க் கிண்ணத்தை வைக்கவே கூடாது; துடைக்க வெறும் நீரும், ஈரம் பிழிந்த மென்துணியும் போதும். கழிவறைத் துப்புரவுத் திரவம் ஒரே நாளில் மெருகை அழித்துவிடும்.

கட்டடத்தில் இதே வேலையைக் காற்று மாசும் மழையும் மெதுவாகச் செய்கின்றன. 1996-இல் உச்ச நீதிமன்றம், தாஜ்மகாலைச் சுற்றிய பகுதியில் நிலக்கரி எரிக்கும் ஆலைகள் எரிவாயுவுக்கு மாற வேண்டும், இல்லையேல் இடம்பெயர வேண்டும் என்று உத்தரவிட்டதன் பின்னணி இதுதான். சுவரில் படியும் அழுக்கை எடுக்கத் தொல்லியல் துறையினர் முல்தானி மண்ணைக் குழைத்துப் பூசி, காய்ந்தபின் கழுவுகிறார்கள். மண் அழுக்கை உறிஞ்சிக்கொள்ளும், கல்லைச் சுரண்டாது.

வெப்பம் இரண்டாவது எதிரி. கால்சைட் மணி சூடேறும்போது ஒரு திசையில் விரிந்து, அதற்குக் குறுக்குத் திசையில் சுருங்கும். குவார்ட்ஸ் அப்படியல்ல, எல்லாத் திசையிலும் விரியும். ஆக்ராவின் கோடை வெயிலும் குளிர்கால இரவும் மாறி மாறி வரும்போது இரண்டு கற்களும் வேறுவேறாக அசைகின்றன. நடுவே உள்ள பசைக்கோடு மெல்லத் திறக்கிறது. திறந்த கோட்டில் நீர் புகுந்தால் துண்டு தளரும். மூன்றாவது எதிரி மனிதர். கொள்ளைக்காரரும், நினைவுப்பொருள் தேடியவர்களும் பழைய காலத்தில் கத்திமுனையால் நெம்பி எடுத்த கற்கள் ஏராளம்.

வாங்கும்போது

தட்டோ பெட்டியோ வாங்குகிறவர்கள் முதலில் அடிப்பக்கத்தை நகத்தால் கீறிப் பார்க்கலாம். கீறல் விழுந்தால் அது சலவைக்கல் அல்ல, மாக்கல்லோ அலபாஸ்டரோதான். பிறகு பின்னால் கைவிளக்கைப் பிடித்துப் பார்க்க வேண்டும்: சூதுபவளம் தணல் போல ஒளிரும், ஜாஸ்பர் ஒளியை விடாது. எல்லா இதழும் அச்சு வார்த்ததுபோல் ஒரே நிறத்தில், ஒரு கோடோ மங்கலோ இல்லாமல் இருந்தால் கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் என்று சந்தேகிக்கலாம். இதழ் நுனியைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் வேலை தெரிந்துவிடும்; நுனி மழுங்கி, மிச்ச இடத்தை வண்ணப் பசை நிரப்பியிருந்தால் அது அவசர வேலை.

உதிர்ந்த கல்லைத் திரும்ப வைத்தல்

பழைய கட்டடத்தில் ஒரு துண்டு உதிர்ந்துவிட்டால் பழுதுபார்ப்பது புதிதாகச் செய்வதைவிடக் கடினம். காரணம், வரிசை தலைகீழாகிவிடுகிறது. புதிய வேலையில் கல் முந்தி, குழி அதற்கேற்ப. இங்கே குழி ஏற்கெனவே இருக்கிறது. ஷாஜகான் காலத்து உளி வெட்டிய விளிம்பில் கைவைக்கக் கூடாது. கடினமான கல்தான் இப்போது விட்டுக்கொடுக்க வேண்டும். குழியைத் தூசி போகத் துலக்கி, பழைய பசையை மரக்குச்சியால் நீக்கி, மெல்லிய தாளை மேலே வைத்துக் கரியால் ஒற்றி வடிவம் எடுப்பார்கள். அந்த வடிவத்துக்குச் சற்றுப் பெரிதாகவே கல்லை அறுத்து, சாணையில் இரண்டு சுற்று, குழியில் வைத்துப் பார்ப்பது, மறுபடி இரண்டு சுற்று என்று நெருங்கி வருவார்கள். ஒரு சுற்று கூடினால் அந்தக் கல் கழிவு. புதிய கல்லைத் தேட வேண்டும், அதுவும் பக்கத்து இதழின் நிறத்துக்கு இணையாக.

பொருந்தியபின்னும் ஒரு சிக்கல் மிஞ்சும். சுற்றியுள்ள சலவைக்கல் காலத்தால் சிறிது தேய்ந்திருக்கும். புதிய கல்லைச் சுவரில் வைத்துத் தேய்த்தால் அந்தப் பழைய பரப்பும் சேர்ந்து தேயும். ஆகவே கல்லின் முகத்தைப் பட்டறையிலேயே மெருகேற்றி முடித்து, அடிப்பக்கத்தைத் தேய்த்துத்தான் உயரத்தைச் சரிசெய்வார்கள். பிறகு சுண்ணாம்புப் பசையை மெல்லத் தடவி, கல்லை இறக்கி, பிதுங்கி வருவதை உடனே ஈரத்துணியால் துடைத்துவிட்டு, இறுகும்வரை மேலே தாங்கு கொடுத்து நிறுத்துவார்கள்.